தொட்டபெட்டாவில் இல்லாத தங்கம் தேவாலாவுக்கு எப்படி வந்தது?

கூடலூரிலிருந்து பந்தலூர் போகும் வழியில் இருக்கிறது தேவாலா. தேயிலைக்கு நடுவே புதர் மூடிய பள்ளங்களும், சரிவுகளில் வாய் திறந்து கிடக்கும் பழைய சுரங்கங்களும் அங்கே இன்றும் உண்டு. வெள்ளைக்காரன் தங்கம் தோண்டிய இடம் என்று ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். வெளியூர்க்காரர் உடனே கேட்பது ஒன்றே: "இன்னும் இருக்குதா?"

இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தேவாலாவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர் கிழக்கே ஊட்டி. மாவட்டம் ஒன்று, மலைத்தொடர் ஒன்று. இருந்தும் ஊட்டியைச் சுற்றித் தங்க வயல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கும் தொட்டபெட்டாவை முழுக்க உடைத்தாலும் கிடைப்பது நல்ல கருங்கல் ஜல்லிதான். மேற்கு ஓரத்தில் மட்டும் ஏன் தங்கம்?

இதற்கு விடை உலோகத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. இன்றைய ஓடைத் தண்ணீரைச் சொல்லவில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், சூடாக, உப்பாக, சில இடங்களில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்து நகர்ந்த தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்கு. பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக இரண்டு மூன்று மில்லிகிராம் தங்கம் உண்டு. அது எங்கும் உண்டு. நம் வீட்டு வாசற்படிக் கல்லிலும் உண்டு. சுரங்கம் போட்டுக் கட்டுப்படியாக வேண்டுமானால் டன்னுக்குச் சில கிராம் வேண்டும். ஆயிரம் மடங்கு செறிவு. ஈயத்துக்கும் செறிவு ஆயிரக்கணக்கான மடங்கு ஏற வேண்டும். செம்புக்கு நூறு மடங்குக்கு மேல். பரவிக் கிடப்பதை ஓரிடத்தில் திரட்டும் வேலையைக் கெட்டியான பாறை தானாகச் செய்யாது. எதிலாவது கரைய வேண்டும், நகர வேண்டும், பிறகு ஒரே இடத்தில் இறங்க வேண்டும். ஒரு டன் நீரில் பத்து மில்லிகிராம் தங்கம் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு டன் தங்கம் சேரப் பத்துக் கோடி டன் நீர் அதே விரிசல் வழியே போயிருக்க வேண்டும். கரைந்தது முழுவதும் அங்கேயே படிந்தது என்ற தாராளக் கணக்கில்கூட இவ்வளவு.

அவ்வளவு நீர் எங்கிருந்து? பெரும்பகுதிக் கதை படிவுப் பாறைகளில் தொடங்குகிறது. கடலடியில் புதிதாகப் படியும் சேற்றில் பாதிக்கு மேல் நீர்தான். மேலே மேலே மண் விழ, அடியில் உள்ளது நசுங்கி நீரைக் கக்குகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம் போனதும், நூறு டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், களிமண் கனிமங்களே உருமாறித் தங்கள் படிகத்துக்குள் பிடித்து வைத்திருந்த நீரையும் விட்டுவிடுகின்றன. கடல் வற்றிய இடங்களில் உப்புப் படுகைகளும் கூடச் சேர்ந்தால் இந்த நீர் கடும் உவர்நீர் ஆகிறது. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. ஆழ்படுகை நீரில் சில இடங்களில் இருபது, முப்பது பங்கு வரை உண்டு. அந்த உப்பில் உள்ள குளோரைடு, ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றை அணைத்துக் கரைத்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரால் முடியாத காரியம் இது.

நீர் போன வழி பாறையில் பதியாமல் இருக்காது. இரும்புத் துருவால் சிவந்த மணற்பாறைக்குள் எண்ணெயோ இயற்கை வாயுவோ கலந்த நீர் புகுந்தால் துரு கரைந்து பாறை வெளுத்துவிடும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செம்பாறைகளில் இந்த வெள்ளைப் பட்டைகள் மைல்கணக்கில் தெரிகின்றன. சுண்ணாம்புப் பாறைக்குள் மக்னீசியம் மிகுந்த நீர் புகுந்தால் கால்சியத்தில் ஒரு பங்கு வெளியேறி அந்த இடத்தில் மக்னீசியம் அமர்ந்து, பாறை டோலமைட் ஆகிறது. டோலமைட் அடைக்கும் இடம் குறைவு என்பதால் உள்ளே பொந்துகள் விழும். பின்னால் வரும் தாதுநீருக்கு அவை தயார் அறைகள். இந்த மாற்றங்களைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தாது எங்கே என்பது பாதி தெரிந்த மாதிரி. தாதுவைச் சுற்றி மாறிய பாறை தாதுவைவிடப் பல மடங்கு அகலமானது. அதனால் தேடுகிறவர்கள் முதலில் தேடுவது இந்த நிற மாற்றத்தையும் கனிம மாற்றத்தையும்தான்.

இந்த வேலையின் மிகச் சுத்தமான மாதிரி போலந்திலும் ஜெர்மனியிலும் இருக்கிறது. சுமார் இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு ஆழமற்ற கடலின் அடியில் கரிய களிமண் படிந்தது. பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர் கனம்கூட வராது. ஆனால் பரப்பு பல லட்சம் சதுர கிலோமீட்டர். குப்ஃபர்ஷீஃபர் என்று அதற்குப் பெயர். ஜெர்மனியின் மான்ஸ்ஃபெல்ட் பகுதியில் அந்த மெல்லிய அடுக்கிலிருந்து ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் செம்பு எடுத்தார்கள். கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் தகப்பனார் அங்கே செம்பு உருக்கிப் பிழைத்தவர். கடல் படிந்தபோதே செம்பும் படிந்தது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அடுக்கு ஒன்று, செம்பு அந்த அடுக்கிலேயே. வேறென்ன நினைக்க முடியும்?

சுரங்கங்கள் விரிய விரிய வேறொன்று தெரிந்தது. கரிய அடுக்கின் சில பகுதிகள் சிவந்து துருவேறி இருந்தன. அந்தச் சிவப்பு அடுக்கோடு போகவில்லை. அடுக்கைச் சாய்வாக வெட்டிக்கொண்டு மேலேறியது. சிவப்பின் ஓரத்தை ஒட்டிச் செம்பு, அதற்கு அப்பால் ஈயம், அதற்கும் அப்பால் துத்தநாகம். இந்த வரிசைக்கு ஒரே பொருள்தான். அடியில் கிடந்த செம்மணற்பாறைகளின் வழியாக, ஆக்சிஜன் ஏறிய உவர்நீர் செம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, கரிமமும் பைரைட்டும் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) நிறைந்த கரிய அடுக்கில் முட்டியிருக்கிறது. முட்டிய இடத்தில் செம்பு முதலில் இறங்கியது. கரைசலில் தங்கும் வல்லமை அதற்குக் குறைவு. ஈயமும் துத்தநாகமும் சற்றுத் தள்ளிப்போய் இறங்கின. தாது சேர்ந்தது பாறை படிந்த பிறகு. எவ்வளவு பிறகு என்பதில்தான் இன்றும் சண்டை.

நீரைத் தள்ளியது எது? பாறை நசுங்கினால் வரும் நீர் பெரிய தாதுப்படிவுகளுக்குப் போதாது என்று கணக்குப் போட்டவர்கள் மலைகளைக் கைகாட்டினார்கள். அமெரிக்காவின் மிசௌரிப் பகுதியில் சுண்ணாம்பு, டோலமைட் பாறைகளுக்குள் ஈயமும் துத்தநாகமும் குவிந்து கிடக்கின்றன. தாது சேர்ந்த காலத்து எரிமலையோ கிரானைட் ஊடுருவலோ சுற்றிலும் இல்லை. சில நூறு கிலோமீட்டர் தெற்கே உவாச்சிடா மலைத்தொடர் எழுந்தபோது அதன் மேல் பெய்த மழை ஆழம் இறங்கி, படுகையில் கிடந்த உவர்நீரை வடக்கே தள்ளிற்று என்பது பலரும் ஏற்கும் விளக்கம். மலை எழுந்தால் நிலத்தடி நீர் நகரும். மலைக்காரர்களான நமக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. கோடையிலும் பவானி வற்றாமல் ஓடுவது மலைக்குள் இறங்கிய மழை எங்கோ வெளியே வந்தாக வேண்டும் என்பதால்தானே. நம் நாட்டில் ராஜஸ்தானின் ஜாவரில் டோலமைட்டுக்குள் ஈயமும் துத்தநாகமும் உண்டு. அங்கே இடைக்காலத்திலேயே துத்தநாகத்தை ஆவியாக்கி வடித்தெடுத்தார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

யுரேனியம் இந்த நாடகத்தை இன்னும் தெளிவாக நடித்துக் காட்டும். ஆக்சிஜன் உள்ள நீரில் அது நன்றாகக் கரையும்; ஆக்சிஜனைப் பறிக்கும் பொருள் எதிர்ப்பட்டால் உடனே கீழே விழும். கனடாவின் அதபாஸ்கா படுகையில் மணற்பாறை வழியே வந்த உவர்நீர், அடியில் உள்ள பழைய பாறைகளின் கிராஃபைட் நிறைந்த முறிவுகளைத் தொட்ட இடங்களில் யுரேனியத்தைக் கொட்டியது. 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட சிகார் லேக் தாதுவில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் யுரேனியம். நமக்குப் பக்கத்தில், கடப்பைப் படுகையின் வடக்கே லம்பாபூரில், பழைய கிரானைட்டும் அதன்மேல் படிந்த குவார்ட்சைட்டும் (மணற்பாறை இறுகிய கல்) சந்திக்கும் மட்டத்தில் யுரேனியம் இருக்கிறது. இப்படிப்பட்ட படிவு எதுவும் காற்றில் ஆக்சிஜன் பெருகத் தொடங்கிய சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் சாத்தியமே இல்லை.

இதெல்லாம் யார் போய்ப் பார்த்தது என்று கேட்கலாம். அந்த நீரே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. படிகம் வளரும்போது நீரில் ஒரு துளி உள்ளே சிக்கிக்கொள்ளும். மயிரிழையின் தடிமனைவிடச் சிறிய துளி. 1858இல் இங்கிலாந்துப் புவியியலாளர் ஹென்றி சார்பி இவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, துளிக்குள் இருக்கும் குமிழி எந்த வெப்பத்தில் மறைகிறதோ அது படிகம் வளர்ந்த வெப்பத்துக்குத் துப்பு தரும் என்றார். இன்றும் அடிப்படை அதேதான். படிகத்தைச் சீவி, சூடேற்றி, குமிழி மறைவதைக் குறிக்கிறார்கள். உறைய வைத்துத் திரும்ப உருக்கினால் உப்பு எவ்வளவு என்று தெரியும். மைனஸ் 56.6 டிகிரியில் உருகினால் உள்ளே இருப்பது தூய கார்பன் டை ஆக்சைடு.

இந்தக் கடைசி எண் நீலகிரிக்கு முக்கியம். இந்த மலையில் மணற்பாறையோ சுண்ணாம்புப் பாறையோ அடுக்கடுக்காகக் கிடையாது. பழைய படிவுகள் இருந்திருக்கின்றன; மேக்னடைட் எனும் இரும்புத் தாது கலந்த குவார்ட்சைட் போன்றவை அவற்றின் எச்சம். ஆனால் எல்லாம் வெந்து உருமாறிவிட்டன. மலையின் உடம்பு சார்னோக்கைட் எனும் கருங்கல். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 25 முதல் 35 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்து உருவானது. அந்த வெப்பத்தில் நீர் தாங்கும் கனிமங்கள் உடைந்துபோகும். சார்னோக்கைட்டின் படிகங்களில் சிக்கியிருக்கும் துளிகளில் நிறைய இடங்களில் இருப்பது நீர் அல்ல, அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு. ஆழத்திலிருந்து எழுந்த அந்த வாயுதான் நீரை விரட்டிப் பாறையை உலர்த்தியது என்று ஒரு சாரார். பாறை பாதி உருகியபோது உருகிய குழம்பு நீரை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று இன்னொரு சாரார். 1970களில் தொடங்கிய இந்த வாதத்தில் தென்னிந்தியக் கற்கள் முக்கியச் சாட்சிகள். கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் சாம்பல் நிறப் பாறை விரிசல் ஓரங்களில் மட்டும் கருங்கல்லாக மாறியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். எது சரியானாலும் விளைவு ஒன்று: மலை காய்ந்துவிட்டது. நீர் இல்லாத பாறையில் உலோகத்தைச் சுமப்பார் இல்லை. தொட்டபெட்டாவில் தங்கம் திரளாததற்கு என் கணிப்பில் இதுவே பெரிய காரணம்.

பழனிமலையின் கதை வயதில் இளையது, சூட்டில் மூத்தது. கொடைக்கானல் சாலையில் பெருமாள்மலையிலும், அடிவாரத்தில் கெங்குவார்பட்டியிலும் சாபிரின் என்ற அரிய கனிமம் உள்ள பாறைகள் உண்டு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 900 டிகிரிக்கு மேல் வெந்தவை. மக்னீசியமும் அலுமினியமும் இவ்வளவு மிகுந்த பாறை சாதாரணச் சேற்றிலிருந்து வராது. வேகும் முன்பே சூடான நீர் அந்தப் படிவுகளில் புகுந்து அவற்றின் சரக்கை மாற்றியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியானால், கொடைக்கானல் போகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே இருப்பது வெந்துபோன ஒரு பழைய நீர்வழி.

சரி, தேவாலா. நீலகிரிப் பாளத்தின் வடக்கு எல்லையில் மாயாறு ஓடும் ஆழமான பள்ளம் வெறும் ஆறு அரித்த பள்ளம் அல்ல. இரண்டு பெரும் பாறைப் பாளங்கள் உரசி நகர்ந்த பிளவு மண்டலம் அது. மேற்கே, தேவாலாவும் சேர்ந்த வயநாட்டுப் பக்கம் நீள்கிறது. அங்கே உள்ள பாறைகள் தொட்டபெட்டா அளவுக்குக் காயாதவை. ஹார்ன்பிளெண்டும் பயோட்டைட்டும் கொண்டவை; இரண்டும் நீரைத் தாங்கும் கனிமங்கள், இரும்பும் நிறைந்தவை. பாறை உரசி நொறுங்கிய இடத்தில் நீருக்கு வழி கிடைத்தது.

இந்த நீர் படுகை உவர்நீர் அல்ல, வேறு சாதி. உலகெங்கும் மலை மடிப்புகளில் உள்ள தங்க நாளங்களின் (விரிசலில் கனிமம் படிந்து அடைத்த பட்டைகள்) படிகங்களில் சிக்கிய துளிகளை ஆராய்ந்தால் உப்புக் குறைவு, கார்பன் டை ஆக்சைடு கணிசம், வெப்பம் பெரும்பாலும் 250 முதல் 400 டிகிரி. ஆழத்தில் சுமார் 500 டிகிரியில் பாறைகள் வேகும்போது கனிமங்களிலிருந்து வெளியேறும் நீர் இது. அதே சூட்டில் பைரைட் சிதைந்து தன் கந்தகத்தில் பாதியளவை விடும். பைரைட்டுக்குள் ஒளிந்திருந்த தங்கமும் கூடவே கிளம்பும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பாறைகளில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்: அவை பழைய கடற்சேறு, அதிகம் வெந்த பகுதியில் தங்கம் குறைந்திருந்தது. ஆக, குவார்ட்ஸ் நாளத்தின் தங்கத்தைத் தேடிப் போனாலும் பல இடங்களில் கடைசியில் கடற்சேற்றில்தான் போய் நிற்போம்.

இந்த நீரில் தங்கத்தைச் சுமப்பது கந்தகம். கந்தகத்தைப் பறித்துவிட்டால் தங்கம் விழும். இரும்பு நிறைந்த பாறைச் சுவரில் நீர் ஊறும்போது இரும்பு கந்தகத்தைப் பிடித்துப் பைரைட் ஆகிறது. தங்கம் அங்கேயே நிற்கிறது. அதனால்தான் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நாளத்தின் இரு புறமும் பாறை நிறம் மாறி, கார்பனேட்டும் வெள்ளை அப்பிரகமும் பைரைட்டும் ஏறிக் கிடக்கும். இன்னொரு வழி அழுத்தம் குறைவது. நிலநடுக்கத்தில் பிளவு திடீரென்று திறந்தால், கோலி சோடாவை உடைத்தது போல வாயு பிரிந்து பொங்கும்; கந்தகமும் வாயுவோடு போகும்; தங்கமும் குவார்ட்ஸும் விரிசலில் படியும். அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும், மறுபடி பிளக்கும். நாளங்களில் தெரியும் பட்டை பட்டையான கோடுகள் பெரும்பாலும் இப்படித் திறந்து மூடியதன் கணக்கு.

இந்த நாளங்களைத் தெரிந்துகொள்ள வெள்ளைக்காரர் வர வேண்டியிருக்கவில்லை. பணியரும் குறும்பரும் ஓடை மண்ணை அலசியும், சரிவுகளில் தோண்டியும் தங்கம் எடுத்து வந்தார்கள். 1875இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் இப்பகுதி பற்றி அறிக்கை எழுதினார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையை நடத்திய ராபர்ட் பிரவ் ஸ்மித் 1880இல் கொடுத்த அறிக்கை லண்டனைக் கிறங்க வைத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், பல லட்சம் பவுண்டுப் பங்குகள். சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது.

மோசடியும் இருந்தது, அவசரமும் இருந்தது. ஆனால் கல்லிலேயே ஒரு பொறி இருந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். தேவாலாப் பக்கம் கொட்டும் மழை பல லட்சம் ஆண்டுகளாக நாளங்களின் மேற்பகுதியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள பைரைட் துருவாகிக் கரைந்து போக, தங்கம் மட்டும் கரையாமல் மிஞ்சும். துருவேறிய அந்த மேல்வாயில் தங்கத்தின் செறிவு கூடித் தெரியும். தனித் துகளாக இருப்பதால் பாதரசத்திலும் எளிதாக ஒட்டும். கீழே இறங்கினால் தங்கம் பைரைட்டுக்குள் பூட்டிக் கிடக்கும். பாதரசம் அதைத் தொடாது. அப்படிப்பட்ட தாதுவுக்குக் கைகொடுத்த, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் முறை 1887இல்தான் வந்தது. மேற்பரப்பைப் பார்த்து ஆழத்துக்குக் கணக்குப் போட்டவர்கள் மழையின் வேலையை ஆழத்து நீரின் வேலையாக எண்ணிவிட்டார்கள். புவியியலாளர்கள் ஹேடனும் ஹேட்சும் 1901இல் மறுபடி மாதிரி எடுத்து ஆராய்ந்து, இலாபத்துக்கு வழியில்லை என்று முடித்தார்கள்.

அதே காலத்தில் தொடங்கிய கோலார் மட்டும் எப்படிப் பிழைத்தது? அங்கும் 1880களின் நடுவில் பணம் தீர்ந்து மூடும் நிலைதான். சாம்பியன் நாளம் அகப்பட்டதால் தப்பியது. நம் வட ஆற்காட்டு, சேலத்து மக்கள் இறங்கி உழைத்த அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய், 2001இல் மூடும்வரை 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்தது. வேதியியல் பெரிதாக வேறில்லை. கோலாரில் ஒரே பிளவு கிலோமீட்டர்கணக்கில் நேராக நீண்டு, நீர் திரும்பத் திரும்ப அதே வழியில் வந்தது. வயநாட்டில் நாளங்கள் சிதறி, மெலிந்து, திடீரென்று முடிந்துவிடுகின்றன.

மழையின் கைவேலை தங்கத்தோடு நிற்கவில்லை. நீலகிரியிலும் பழனிமலையிலும் உச்சிப் பகுதிகளில் கருங்கல்லின் சிலிக்காவையும் சுண்ணாம்பையும் நீர் கழுவி எடுத்துவிட, அலுமினியமும் இரும்பும் மிஞ்சிய செம்புறாங்கல் தொப்பிகள் உண்டு. ஏற்காட்டில் இதே போன்ற பாக்சைட்டை வெட்டி மேட்டூரில் அலுமினியம் செய்தார்கள். அதற்கு 500 டிகிரியும் வேண்டாம், பிளவும் வேண்டாம். வெப்பமண்டல மழையும், அரிப்பில் போகாத சமவெளி மேடும், காலமும் போதும்.

தேவாலாவில் தோண்டுவது நிற்கவில்லை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலையை நம்பி வந்த குடும்பங்களும் உள்ள ஊர்கள் இவை. கூலி போதாதபோது சிலர் பழைய சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். மண் சரிந்து உயிர் போனதும் உண்டு. இது சட்டவிரோதம், ஆபத்தும் கூட. அவர்கள் தேடுவது பெரும்பாலும் துருவேறிய சிவந்த கல்லைத்தான். கெட்டியான கல்லில் தங்கம் இருந்தாலும் கைக்கு வராது என்பது அனுபவம் சொல்லிக் கொடுத்தது. கல்லை இடித்து, அலசி, பாதரசத்தில் பிடித்து, நெருப்பில் காட்டி ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி முதலில் போவது மூச்சுக்குள். கழுவிய சேறு போவது ஓடைக்கு, அங்கிருந்து பாண்டியாற்றுக்கும் புன்னம்புழைக்கும், கடைசியில் சாலியாற்றுக்கும். நிலம்பூர் மணலில் தங்கப் பொடி கிடைப்பதும் இதே வழியில் மலையிலிருந்து இறங்கியதால்தான்.